விண்டோஸ் 10க்கு விடை: பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?

தாசேக் கெலுகோர் - பள்ளிப் பாடத்தைத் திறக்கலாம் என்று பிள்ளை மடிக்கணினியைத் தட்டினால், முதலில் வருவது பாடமல்ல. "உங்கள் கணினிக்கான ஆதரவு முடிந்துவிட்டது" என்ற அறிவிப்புதான் திரை முழுக்க வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடரலாம். நாளைக்கு மறுபடியும் வரும். தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் பல வீடுகளில் இன்று இதே கதைதான்.

அந்த மடிக்கணினிகள் எப்படி வீட்டுக்கு வந்தன என்பதை மறந்துவிட முடியாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தபோது பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் சுருங்கியது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகள் எத்தனையோ. அப்போது கூட்டுப் பணத்தை எடுத்தும் முன்பணம் வாங்கியும் பெற்றோர் பலர் வாங்கியவை அலுவலகங்கள் கழித்துவிட்ட இரண்டாம் கைக் கணினிகள். வாங்கும்போதே அவற்றுக்கு ஐந்து, ஆறு வயது ஆகியிருந்தது. இன்றும் அவை ஓடுகின்றன. விசைப்பலகையில் ஓரிரு எழுத்து தேய்ந்திருக்கும், பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும். ஆனாலும் ஓடுகின்றன.

அப்படி ஓடிக்கொண்டிருக்கும் கணினியைத்தான் மைக்ரோசாப்ட் நிறுவனம் கைவிட்டிருக்கிறது. 2015 ஜூலை 29ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது.

ஆதரவு முடிந்தது என்றால் கணினி அன்றோடு நின்றுவிடும் என்று பொருளல்ல. நேற்று திறந்த கோப்பு இன்றும் திறக்கும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகளில் எழுதப்பட்ட நிரல். அதில் ஓட்டைகள் இருக்கும், அவை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்படும், நிறுவனம் மாதாமாதம் ஒட்டுப் போட்டுக்கொண்டே வரும். ஒட்டுப் போடுவது நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தபடியே கிடக்கும். பூட்டு பழசானதால் திருடன் உடனே வந்துவிடுவான் என்றில்லை. ஆனால் அந்தப் பூட்டின் சாவி சந்தையில் விற்பனைக்கு வந்த பிறகும் அதையே மாட்டி வைத்திருப்பது வேறு விஷயம்.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகைச் சுற்றி வந்ததைச் சிலர் மறந்திருக்கலாம். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில், வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நோயாளிகளின் முன்பதிவுகள்கூட ரத்தாயின. திருத்தம் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி. திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது எப்படிப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை.

சரி, விண்டோஸ் 11க்கு மாறினால் என்ன? இங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, எல்லாக் கணினியையும் ஏற்றுக்கொள்வதில்லை. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அந்த எட்டாம் தலைமுறை 2017ஆம் ஆண்டில்தான் சந்தைக்கு வரத் தொடங்கியது. கணினியில் ஒட்டியிருக்கும் முத்திரையில் ஐ5-7200 என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டு. ஐ5, ஐ7 என்பதையடுத்து நான்கு இலக்க எண் வரும் இத்தகைய பழைய செயலிகளில், பெரும்பாலும் முதல் இலக்கமே தலைமுறையைச் சொல்லிவிடும். ஓர் எண் குறைவதால் நல்ல நிலையில் ஓடும் கணினி ஒரே நாளில் 'பழசு' ஆகிவிடுகிறது.

இதில் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில்தான். செபராங் பிறையிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலம் கடந்து ஷிப்ட் வேலைக்குப் போன நம் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் கை பட்ட வகைச் சில்லுகளே இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் மேசையில் 'தகுதியற்றவை' என்று முத்திரை குத்தப்பட்டுக் கிடக்கின்றன.

புதுக் கணினி வாங்குவது எளிய வழிதான், காசு இருந்தால். நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. ஓரளவு உருப்படியான புது மடிக்கணினி ஏறக்குறைய அந்த ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும்.

இன்னொரு வழி கால நீட்டிப்பு. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13ஆம் தேதி வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு அங்கேயே இருக்கும். இதுவரை செய்யாதவர்கள் இன்றே செய்துவிடலாம், நட்டமில்லை. ஆனால் இது தீர்வு அல்ல, தவணை.

மூன்றாவதாக ஒன்றைச் சில கடைகள் சொல்லும்: "கொடுத்துவிட்டுப் போங்கள், விண்டோஸ் 11ஐ எப்படியாவது போட்டுத் தருகிறோம்." தகுதிச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டிப் போட முடியும் என்பது உண்மை. அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதை மைக்ரோசாப்டே சொல்லிவிட்டது. திருத்தத்துக்காக மாறப் போய், திருத்தம் வருமா வராதா என்று தெரியாத இடத்தில் நிற்பதில் அர்த்தமில்லை. அதோடு கள்ள உரிமக் குறியீடும் சேர்ந்தால், அந்தக் குறியீட்டைத் தரும் சிறு நிரலுக்குள் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பது போட்டவருக்கே தெரியாது.

மிச்சமிருப்பது இயங்குதளத்தையே மாற்றுவது. இதுதான் இக்கட்டுரையின் பேச்சு.

மடிக்கணினிக்கு விண்டோஸ் என்பது பிறவிக் குணமல்ல. வீட்டுக்குக் குடிவந்தவர் போன்றது. அவர் போனால் இன்னொருவர் வரலாம். அந்த இன்னொருவர்தான் லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிவைத்தது. இன்று உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை; யாரும் யாருக்கும் படியெடுத்துத் தரலாம், அது சட்டப்படியே சரி. புதிதாக இருக்கிறதே என்று தயங்குவோர் ஒன்றைக் கவனிக்கலாம்: கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான்.

லினக்ஸில் பல வகை உண்டு. அவற்றையெல்லாம் ஒப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். விண்டோஸிலிருந்து முதன்முறை வருகிறவருக்கு லினக்ஸ் மின்ட் போதும். கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று பழகிய தோற்றத்திலேயே இருக்கும். 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029ஆம் ஆண்டு வரை திருத்தங்கள் உண்டு. 8 ஜிபி நினைவகம் இருந்தால் சின்னமன் என்ற பதிப்பு, 4 ஜிபி மட்டுமே என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, பதிவிறக்கப் பக்கத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

மாறுவதற்கு முன் ஒரு கேள்வியை வீட்டில் எல்லாரும் கூடிக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்தக் கணினியில் உண்மையில் என்னதான் செய்கிறோம்?

பள்ளிப் பிள்ளைகளின் வேலை பெரும்பாலும் உலாவிக்குள் முடிந்துவிடுகிறது. கல்வியமைச்சின் டெலிமா தளம், கூகுள் கிளாஸ்ரூம், கூகுள் மீட், யூடியூப், கென்வா - எல்லாமே குரோமிலோ ஃபயர்ஃபாக்சிலோ திறப்பவை. லினக்ஸிலும் இரண்டும் உண்டு. பெரியவர்களின் வருமான வரி இ-ஃபைலிங், அரசாங்க உதவித் தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு ஆகியவையும் அப்படியே. சூம் செயலிக்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. வாட்ஸ்அப்பை உலாவி வழியாகப் பார்க்கலாம்.

வேர்ட், எக்செல் நேரடியாக ஓடாது. அவற்றின் இடத்தில் லிப்ரே ஆஃபிஸ் வந்து உட்கார்ந்திருக்கும். வேர்ட் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். சாதாரணக் கடிதம், கட்டுரை என்றால் வித்தியாசம் தெரியாது. கட்டங்களும் படங்களும் நிறைந்த ஒப்படைப்புகளில் வரிகள் நகர்ந்து போகும். எஸ்பிஎம் மாணவர் ஆசிரியருக்கு அனுப்பும் இறுதிப் படியைப் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுவது தொல்லையில்லாத வழி.

யார் மாறக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு வணிகக் கணக்குகளுக்கு விண்டோஸ் மென்பொருளை நம்பியிருப்பவர்கள், போட்டோஷாப்பிலும் ஆட்டோகேடிலும் பிழைப்பு நடத்துகிறவர்கள், கல்லூரி குறிப்பிட்ட தேர்வு மென்பொருளைக் கட்டாயமாக்கியுள்ள மாணவர்கள் - இவர்கள் அவசரப்படாமல் இருப்பதே நல்லது. வீட்டில் ரோப்லாக்ஸ் விளையாடும் பிள்ளை இருந்தால் அதன் சம்மதமும் தேவைப்படும்; அந்த விளையாட்டு லினக்ஸுக்கென்று அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. அப்பாவின் வங்கிப் பாதுகாப்பைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே பல வீடுகளில் மாற்றம் தள்ளிப் போகக்கூடும்!

இனி மாற்றும் வேலை. கடினமான தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. அவசரம்தான் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால், கணினியில் இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். இயங்குதளத்தை மாற்றும்போது வட்டு முழுவதும் அழிக்கப்படலாம். அழிந்ததைத் திரும்ப எடுப்பது உறுதியில்லை. ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள், மேசைத்திரை என்று நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும். மேசைத்திரையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், முக்கியமான கோப்பு அங்கேதான் கிடக்கும். பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படம், அக்காள் கல்யாண வீடியோ, பிறப்புப் பத்திரத்தின் ஸ்கேன் படி - இவை ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கின்றன என்றால், மாற்றுகிறோமோ இல்லையோ, அதுவே ஆபத்துதான். வெளி வட்டில் ஒரு படி, கூகுள் டிரைவ் போன்ற இணையக் கிடங்கில் ஒரு படி என்று வைத்துக்கொள்ளலாம். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சில கணினிகளில் வட்டு பிட்லாக்கர் எனும் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியெடுத்துவிட வேண்டும். பிறகு எடுக்கலாம் என்று விட்டால் மீட்புக் குறியீட்டைத் தேடி அலைய நேரிடும்.

அடுத்து, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. அதில் இருப்பதும் அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்க வேண்டும். ஏறக்குறைய 3 ஜிபி அளவு. கைப்பேசி தரவை நம்பியிருக்கும் தோட்ட வீட்டில் இதைச் செய்வது காசுக்குக் கேடு. ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டிலோ நூலகத்திலோ இறக்கிக்கொள்வது மேல். அந்தக் கோப்பை வெறுமனே பென்டிரைவில் ஒட்டினால் வேலை செய்யாது. ரூஃபுஸ் அல்லது பலேனா எட்சர் என்ற இலவச நிரலால் எழுத வேண்டும்.

பென்டிரைவைச் செருகி, கணினியை அணைத்துத் திரும்பப் போடும்போதே ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ என்றால் பொதுவாக எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசூஸ் என்றால் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் அதை முதலில் எஃப்2 தட்டி பயோஸ் உள்ளே போய் இயக்கிவிட வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திரையில் எழுந்து நிற்கும்.

இந்த வேலையிலேயே மிக நல்ல பகுதி இதுதான். இந்த நேரத்தில் கணினிக்குள் எதுவும் மாறியிருக்காது. எல்லாம் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா எழுகிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, டெலிமாவில் நுழைய முடிகிறதா என்று ஓர் அரை நாள் சோதித்துப் பார்க்கலாம். மெதுவாகத்தான் இருக்கும், பென்டிரைவின் வேகம் அவ்வளவுதான். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டுப் பென்டிரைவை உருவிவிடலாம், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பெண் பார்க்கப் போவதற்கே இவ்வளவு வசதி கிடையாது.

சோதனையில் பொதுவாக மக்கர் செய்வது வைஃபை. பிராட்காம் நிறுவனத்தின் சில வைஃபை சில்லுகளுக்குத் தனி இயக்கி தேவைப்படும். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால் இணையம் வந்துவிடும்; அதைக் கொண்டு 'டிரைவர் மேனேஜர்' வழியாக இயக்கியைப் போட்டுக்கொள்ளலாம். அச்சுப்பொறிகளில் எச்பி வகை பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும். எப்சன், பிரதர் நிறுவனங்கள் லினக்ஸ் இயக்கிகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன.

எல்லாம் சரியென்றால் மேசைத்திரையில் உள்ள நிறுவும் படத்தை அழுத்தலாம். வரும் கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் போடுவதா, வட்டை முழுதும் அழித்துப் போடுவதா? வட்டு 500 ஜிபி என்றால் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். கணினியைப் போடும்போது எதில் போக வேண்டும் என்று அதுவே கேட்கும். விண்டோஸ் மட்டுமே திறக்கும் ஏதோ ஒரு மென்பொருளுக்காக அதை இணையம் இல்லாமல் வைத்திருக்கலாம். வட்டு 128 ஜிபி என்றால் இருவரையும் ஒரே அறையில் திணிக்காமல் மின்ட்டுக்கே முழுதும் கொடுத்துவிடுவது சரி. பின்னால் மனம் மாறினாலும் பாதகமில்லை. விண்டோஸோடு விற்கப்பட்ட கணினியின் உரிமம் அதன் தாய்ப்பலகையோடு இணைந்தது. அதே விண்டோஸ் 10ஐ மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

மேசையில் உட்கார்ந்து செய்தால் ஒரு மாலைப் பொழுது வேலை.

அடுத்து வருவது நம் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. தமிழ்?

தமிழைப் படிக்க எதுவுமே செய்ய வேண்டியதில்லை. யூனிகோடு எழுத்துருக்கள் உள்ளேயே இருக்கின்றன. தட்டச்சுக்கு, மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்ற பகுதியைத் திறந்து தமிழைத் தேர்ந்தெடுத்துத் தேவையான பொதிகளை நிறுவ வேண்டும். அதன் பிறகு ஐபஸ் என்ற கருவியில் விசைப்பலகைகளின் பட்டியல் வரும். தமிழ்99, ஆங்கில ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு முறை ஆகியவை அதிலேயே உண்டு. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே தமிழ்99 அமைப்புதான். ஒரு கணினியில் பழகிய விரல்கள் இன்னொன்றில் தடுமாறாது.

முரசு அஞ்சலில் பழகியவர்கள்தான் நம் நாட்டில் அதிகம். நம் மலேசியரான முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய அந்த மென்பொருளில் தட்டச்சுக் கற்ற தமிழாசிரியர்களும் கோயில் செயலாளர்களும் ஏராளம். அவர்களுக்கு லினக்ஸில் முதல் சில நாள்கள் கொஞ்சம் கசக்கும். ஒலிப்பு முறை ஏறக்குறைய அஞ்சலைப் போலவே இருந்தாலும், ழகரம், ணகரம், றகரம் ஆகியவற்றுக்கான விசைகள் சில முறைகளில் வேறுபடும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இந்தச் சுமை இல்லை, தமிழ்99இலேயே தொடங்கிவிடலாம்.

இதைவிடப் பெரிய கவனம் பழைய கோப்புகளுக்கு வேண்டும். யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த கோயில் கூட்டக் குறிப்புகள், தோட்டப் பள்ளி ஆண்டு மலர்கள், சங்கப் பதிவேடுகள் எல்லாம் அந்தந்த எழுத்துருவில் கட்டுண்டு கிடப்பவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகவே தெரியும். விண்டோஸை அழித்த பிறகு, அந்த எழுத்துரு வேறெங்கும் கிடைக்காமல் போனால், இருபது ஆண்டுக் குறிப்புகள் கையில் இருந்தும் இல்லாத கதைதான். ஆகவே விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' உறையில் உள்ள பழைய தமிழ் எழுத்துருக்களை, கோப்புகளோடு சேர்த்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் அந்த எழுத்துருக் கோப்பை இருமுறை அழுத்தி நிறுவினால் குறிப்புகள் பெரும்பாலும் மீண்டும் தமிழாகும். அந்தக் கையோடு, கிடைக்கும் மாற்றி ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அடுத்த செயலாளர் வாழ்த்துவார். ஒரு தோட்டம் மூடப்பட்டு மக்கள் நான்கு திசையில் போன பிறகு, அந்த ஊர் இருந்ததற்கு எழுத்தில் மிஞ்சியிருப்பது சில சமயம் இந்தக் கோப்புகள் மட்டும்தான்.

இடைமுகத்தையே தமிழில் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். மலாய் மொழியும் இருக்கிறது.

மின்ட்டும் வேண்டாம், உலாவி மட்டும் போதும் என்போருக்கு கூகுளின் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் ஒன்று உண்டு. 2022இல் வெளிவந்தது. நம் பள்ளிகளில் சில ஆண்டுகளுக்கு முன் குரோம்புக் கணினிகளைக் கண்ட பிள்ளைகளுக்கு இது பழகிய முகம். 4 ஜிபி நினைவகம் போதும், பராமரிப்பு வேலையே இல்லை. ஆனால் நிறுவும்போது வட்டில் உள்ளதை முழுதும் அழித்துவிடும், ஆண்ட்ராய்டு செயலிகளை ஏற்காது, எல்லாவற்றுக்கும் கூகுள் கணக்கை நம்பியிருக்க வேண்டும். எந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை ஆதரவு என்று கூகுள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. இணையம் வந்து வந்து போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு மின்ட்தான் மேல்.

இதெல்லாம் யாரோ வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் செய்யும் விளையாட்டு என்று நினைக்க வேண்டியதில்லை. பொதுத்துறையில் திறமூல மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான பெருந்திட்டத்தை மலேசிய அரசாங்கம் 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் என்ற ஆட்சிப்பணி அதிகாரி தலைமையில் இருந்தபோது, 2007ஆம் ஆண்டு வாக்கில் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு 2011இல் தொடங்கிய மாணவர் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. கையில் இரண்டும் இருந்தும் மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் பக்கமே போனார்கள் என்றால் அதில் வியப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் இலவசமும் தூங்கும். தாசேக் கெலுகோரிலோ கெப்பாளா பத்தாசிலோ ஒரு தமிழ் இளைஞர் அமைப்பு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மண்டபத்தில் நான்கு பென்டிரைவுகளோடு உட்கார்ந்தால் அன்றைக்கே பத்துக் கணினிகளாவது உயிர் பெறும். ஐரோப்பிய ஊர்களில் பழுதுபார்க்கும் குழுக்கள் விண்டோஸ் 10 முடிவையொட்டி இதைத்தான் செய்கின்றன.

கடைசியாகக் கணினியின் உடம்பைப் பற்றிச் சில வார்த்தை. மின்ட் போட்டும் மெதுவாக இருக்கிறது என்றால், குற்றம் பெரும்பாலும் உள்ளே சுற்றும் பழைய வன்வட்டின் மீதுதான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வட்டு போட்டால், பத்து வயதுக் கணினியும் சில விநாடிகளில் எழுந்துவிடும். பல மாடல்களில் அடியில் நாலைந்து திருகாணிகளைக் கழற்றினால் முடிகிற வேலை. பட்டர்வொர்த் கடைகளிலும் செய்து தருவார்கள். செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுவே, நினைவகம்கூட இரண்டாவதுதான். மாறாக, செயலி 32-பிட் வகையாக இருந்தால் மின்ட் 22 ஏறாது. ஆன்டிஎக்ஸ் போன்ற மிக இலேசான வகைகள் ஏறினாலும், இன்றைய இணையப் பக்கங்களின் கனத்தை அந்தக் கணினி தாங்குவது சிரமம். அதில் நேரத்தைப் போடுவதில் பயனில்லை.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது அடிமூடி புடைத்தோ தொடுபலகை மேலே எழும்பியோ இருந்தால், அன்றோடு அதைச் செருகுவதை நிறுத்திவிட வேண்டும். குத்துவதும் அழுத்துவதும் தீயை வரவழைப்பதற்குச் சமம். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்துவிட்டால், பல மடிக்கணினிகள் பேட்டரி இல்லாமல் மின் இணைப்பிலேயே ஓடும். உண்மையிலேயே ஆயுள் முடிந்த கணினியைப் பழைய இரும்புச் சாமான் லாரியில் ஏற்றிவிடக் கூடாது. சுற்றுச்சூழல் துறை மின்கழிவு சேகரிப்பு மையங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அங்கே கொண்டுபோகும் முன் வட்டை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.